பதினோராம் நாள் சுடுதண்ணீர்

அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் தமிழ்நிலா கூடையை இறக்கி ஈரச்சாக்கை விலக்கியதும் சகாயமேரி பேரம் பேசவே மறந்துபோனாள். முழங்கை நீளத்தில் இரண்டு பால்சுறா. நாலு நாளாகச் சொல்லிவைத்தது அன்றைக்குத்தான் வலையில் பட்டிருந்தது.

உள்ளே நாத்தனார் நிவேதா ஒன்பது நாள் குழந்தையோடு படுத்திருந்தாள். பெண் குழந்தை. பால் போதவில்லை. அஞ்சு நிமிடம் சப்பிவிட்டு, யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். நர்ஸம்மா வந்து பார்த்து, நல்லா சாப்பிடச் சொல்லுங்க, அடிக்கடி மார்ல போடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு என்றால் இந்தக் கரையில் சுறாப்புட்டுதான். கும்பிடுகிற சாமி எதுவானாலும் அதில் மாற்றம் கிடையாது.

நிவேதாவுக்குத் தாய் இல்லை. அந்தத் தாய், சகாயமேரிக்கு மாமியார், சாகிறதுக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள். என் பொண்ணு முழுகாம இருந்தா இந்த வீட்டுக்குத்தான் வரணும், நாப்பது நாள் நீ தாயா இருந்து பாக்கணும் என்று. சரி என்று தலையாட்டியவள் சகாயமேரி. அந்த நாற்பதில் ஒன்பதுதான் ஆகியிருந்தது.

சுறாவை அலசிக்கொண்டிருக்கும்போது புருஷன் தேவா உப்பளத்திலிருந்து வந்தான். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"அது இன்னாது?"

"சுறா. உன் தங்கச்சிக்கு."

"அது உள்ள வராது சகாயம்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படிச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தங்கச்சி விஷயத்தில் சொல்ல மாட்டான் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

தேவா மாதா கோயிலை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. திண்டிவனத்தில் ஒரு மாடி ஹாலில் கூடுகிற சபை. பழைய ஏற்பாட்டின் சட்டம் ஒன்றும் ரத்தாகவில்லை, கிறிஸ்தவனும் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் போதனை. துடுப்புச் சிறகும் செதிலும் இல்லாதது எதையும் தண்ணீரிலிருந்து எடுத்துத் தின்னக்கூடாது. அதோடு இறால் போனது, நண்டு போனது, கணவாய் போனது. டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுவது போனது. அதற்குப் பதிலாக ஏதோ ஒரு மாதத்தில் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம் வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை பொழுது சாய்கிற வரைக்கும் வீட்டில் நெருப்புப் பற்றவைக்கக்கூடாது. உப்பு வாரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போகும்போது புருஷனும் பெண்டாட்டியும் உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போக வேண்டும். வழியில் பார்ப்பவர்கள் கேட்பதற்கெல்லாம் சகாயமேரிதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மாடி ஹாலுக்குப் போன நாளிலிருந்து தேவா குடிக்கவில்லை.

"செதில் இல்லன்னு யார் சொன்னது?" என்றாள். சுறாவைத் தூக்கி அவன் கையருகே நீட்டினாள். "தடவிப் பாரு. அரம் மாதிரி இருக்குது. இது செதில் இல்லாம இன்னா?"

அவன் தொடவில்லை. ஆனால் யோசித்தான். அவனிடம் இருக்கிற கஷ்டமே அதுதான். முரடனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். அவன் உட்கார்ந்து யோசிப்பான், பிறகு திண்டிவனத்துக்குப் போன் போடுவான். போட்டான். சபை ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: தோலைக் கிழிக்காமல் அதைச் சுரண்டி எடுக்க முடியுமா? முடியாது. அப்படியென்றால் அது செதில் கணக்கில் வராது.

சகாயமேரி சும்மா விடவில்லை. வானத்திலிருந்து துப்பட்டி விரிப்பு இறங்கி, அதில் இருக்கிற மிருகம் எல்லாவற்றையும் அடித்துச் சாப்பிடு என்று பேதுருவுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டாள். அது சாப்பாட்டைப் பற்றி இல்லையாம், மனுஷரைப் பற்றியாம். வாய்க்குள் போவது தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவரே சொன்னாரே என்றாள். அது கை கழுவாமல் சாப்பிடுவதைப் பற்றியாம். அவள் எதை எடுத்தாலும் அது வேறு எதையோ பற்றியதாக இருந்தது.

"அப்ப இன்னொண்ணும் சொல்லிடு" என்றாள். "பொம்பள புள்ள பெத்தவளுக்கு எம்பது நாள் தீட்டுன்னு போட்டிருக்குதாமே. அதயும் உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு."

அவன் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தான். உள்ளேயிருந்து நிவேதாவின் குரல் வந்தது.

"எம்பது நாளா? அப்ப எம்பது நாளும் நான் இங்கயே இருக்கலாமாண்ணா?"

தேவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகாயமேரிக்கு வரவில்லை. மாமியார் வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்த நாளிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை மாதிரி இந்த வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

சுறாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு ஜெயினம்புவிடம் போனாள். ஜெயினம்பு அதைப் பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தாள். எங்களுக்குக் கடல்ல இருக்கறது பூராவும் ஹலால்தாண்டி, உன் வீட்டுக்காரர் எங்களவிட ஒரு படி மேல போயிட்டாரு என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "புள்ளைக்குப் பால் குடுக்கறவளுக்கு எங்கள்ல ரமலான் நோன்பையே தள்ளி வச்சுக்கலாம்னு விட்டிருக்குது. உங்காளுங்க புக்ல அப்படி ஒரு வரிகூட இல்லயா?" என்றாள்.

"இருக்கும். அத இவரு ஐயா வேற எதையோ பத்தினு சொல்லிடுவாரு."

ஜெயினம்பு இங்கேயே சமைத்து எடுத்துப்போ என்றாள். சகாயமேரி திரும்பி வந்து நிவேதாவின் காதில் கேட்டாள். அண்ணனுக்குத் தெரியுமா என்றாள் நிவேதா. தெரியாது.

"அப்ப வேணாம் அண்ணி. குடிக்கற காலத்துல அண்ணன் பாட்டில ஒளிச்சு வைப்பாரு, நான் பாத்துட்டு அம்மாகிட்ட சொல்லாம இருப்பேன். அந்த ஒளிக்கற வேலையே எனக்கு இனிமே வேணாம்."

அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு.

சாயங்காலம் தேவாவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். உன் வாய்க்கு வேணாம், சரி. என் வாய்க்கு வேணாம், அதுவும் சரி. நிவேதா கட்டிக்கொடுத்த பெண், வேறு வீட்டுக்காரி, அவளை ஏன் உன் சட்டத்துக்குள் இழுக்கிறாய் என்று. அவன் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"என் வீட்டுக்குள்ள ஒண்ண விட்டேன்னா நான் எல்லாத்தயும் விட்ருவன் சகாயம். இதுக்கு மட்டும் பரவால்ல, இன்னிக்கு மட்டும் பரவால்ல. அப்படித்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும். உனக்குத் தெரியாது. எனக்கு என்னைத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அவன் வேட்டி அவிழ்ந்து ஈசிஆர் ரோட்டில் கிடந்த நாளில் தூக்கிவந்தவள் அவள்தான். அவனை எதிர்த்துப் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் பாதி வழியில் அந்த ரோட்டில் போய் நின்றுவிடும். இது என்ன பக்தி, ஒரு மனுஷன் குடிக்காமல் இருக்கிறதுக்கு ஒரு பச்சை உடம்புக்காரி பத்தியம் இருக்க வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

அடுத்த கவலை சனிக்கிழமை. பதினோராம் நாள் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று நிவேதாவின் மாமியார் லட்சுமியம்மாள் போனில் சொல்லியிருந்தாள். அவர்கள் இந்துக்கள், அந்த நாள் அவர்களுக்கு முக்கியம். இடையஞ்சாவடியிலிருந்து தன் மகன், நிவேதாவின் புருஷன் பரத்தோடு வருவதாகச் சொன்னதற்கு சகாயமேரியும் வாங்கம்மா என்றுவிட்டாள். கிழமை பார்க்கவில்லை. பார்த்தபோது சனிக்கிழமையாக இருந்தது.

இதில் தேவா அவளுக்கு விரோதமாக இல்லை. அதையும் சொல்ல வேண்டும். குளிப்பாட்டுவதில் தப்பில்லை என்றான். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதுதான் கூடாது, முன்னமே மூட்டியிருந்தது எரிந்துகொண்டிருக்கலாம் என்றான். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கே உப்பளத்திலிருந்து வந்துவிட்டான். பின்பக்கம் கல்லடுப்பு கூட்டினான். தொடை பருமனுக்கு சவுக்குக் கட்டைகள் வைத்து, பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பொழுது சாய்கிறதுக்கு அரைமணி முன்னால் பற்றவைத்தான். உமியைப் போட்டு மூடி, விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கிற மாதிரி பக்குவம் பண்ணினான். கஞ்சி, ரசம், பூண்டுக் குழம்பு எல்லாம் சகாயமேரி வடித்து இறக்கி ஃபிளாஸ்க்கிலும் ஹாட்பாக்ஸிலும் அடைத்தாள். அதற்குள் அவன் மறுபடி உப்பளத்துக்கு ஓடி, அந்த வாரம் வாரிக் குவித்த உப்பின் மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தான். சனிக்கிழமை மழை வந்தால் போய் மூட முடியாது பாரு என்றான். ஒரு நிமிடம் அவளுக்கு அவன் மேல் பிரியம்கூட வந்தது.

மழை வந்தது. சனிக்கிழமை விடிகிற நேரத்தில் கடலிலிருந்து கிளம்பி பத்தே நிமிடம் கொட்டிவிட்டுப் போனது. சகாயமேரி எழுந்து ஓடிப் பார்க்கும்போது அடுப்பில் சாம்பல் குழைந்து கிடந்தது. சவுக்குக் கட்டை கறுப்பாக ஊறிப்போயிருந்தது. அண்டாவில் கையை விட்டாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

உப்புக்குத் தார்ப்பாய் போட்டவன் அடுப்புக்குப் போடவில்லை.

ஜெயினம்பு வீடு பூட்டியிருந்தது. முந்தின நாளே கூனிமேட்டில் அக்கா வீட்டு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார்கள். ஃபிளாஸ்க்கில் இருந்ததை நிவேதாவுக்குக் குடிக்கக் கொடுத்ததோடு சரி. எட்டரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

லட்சுமியம்மாள் மஞ்சள், வேப்பிலை, குழந்தைக்குப் புதுச்சட்டை எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனுஷி, ஆனால் கண் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேத்தியை வாங்கி மடியில் போட்டதும் அது வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தது. பசிக்கு அழுவுதே என்றாள். பால் பத்தல என்றாள் நிவேதா. சுறாப்புட்டு செஞ்சு குடுத்தியாம்மா என்று சகாயமேரியைக் கேட்டாள். சகாயமேரி, இல்லம்மா, கிடைக்கல என்றாள். பொய் சொன்னது நாக்கில் கசந்தது. நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு லட்சுமியம்மாள் பின்பக்கம் போய் அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னும் அடுப்பே பத்த வைக்கலயா?"

சகாயமேரி தேவாவைப் பார்த்தாள். அவன் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றிருந்தான். அவன்தான் லட்சுமியம்மாளிடம் சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான்: நேற்றே மூட்டி வைத்திருந்தேன், மழையில் அணைந்துவிட்டது, எங்களுக்கு இன்று ஓய்வுநாள், ஆறரைக்குப் பொழுது சாயும், சாய்ந்ததும் நானே காய்ச்சித் தருகிறேன் என்று.

லட்சுமியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. எங்களுக்கும் விரதம் இருக்குது தம்பி, நாங்களும் கிருத்திக பாக்கறவங்கதான், ஆனா பச்சை உடம்புக்காரிக்கு சுடுதண்ணி இல்லன்னு எந்த சாமியும் சொல்லாதே என்றாள். பரத் செருப்பைக் கழற்றாமல் முற்றத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்; இந்த மாதிரி பேச்சுக்கெல்லாம் அவன் வருவதில்லை.

சகாயமேரி உள்ளே போனாள். சமையலறையில் கேஸ் அடுப்பு இருந்தது. மேடை மேல் தீப்பெட்டி இருந்தது. எடுத்தாள். தேவா பின்னால் வந்து நின்றான்.

"ஆட்டுக்குட்டி குழியில விழுந்தா ஓய்வுநாள்ல தூக்க மாட்டியா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"தூக்குவேன். இது குழி இல்ல. சாயங்காலம் குளிச்சா யாரும் சாவ மாட்டாங்க."

"நான் பத்த வைக்கறேன். நீ பத்த வைக்காத. பாவம் எனக்கு."

"என் வீட்ல இருக்கற எல்லாருக்கும் சேத்துத்தான் சகாயம் சொல்லியிருக்குது. வேலைக்காரிக்கும், வந்த விருந்தாளிக்கும், மாட்டுக்கும்கூட." அவன் குரல் ஏறவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நீ பத்த வச்சா நான் தடுக்க மாட்டேன். சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஆவும். அவ்வளவுதான்."

தடுத்திருந்தால் பற்றவைத்திருப்பாள். கையைப் பிடித்து முறுக்கியிருந்தால்கூட மறு கையால் பற்றவைத்திருப்பாள். தீக்குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஈசிஆர் ரோடு கண்ணில் வந்தது. இன்னிக்கு மட்டும் பரவால்ல என்று அவனே சொன்னது காதில் கேட்டது. இந்த ஒரு குச்சியில் அவன் மறுபடி போய்விடுவானா, மாட்டானா? யாரிடம் போன் போட்டுக் கேட்பது? குழந்தை உள்ளே கத்திக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றாளோ. ஒரு நிமிடம் இருக்கும், இல்லை ரெண்டு.

லட்சுமியம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குச்சியையும் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பரத், டிக்கியத் திற. நிவேதா, புள்ளய எடுத்துக்கோம்மா. நம்ம வீட்ல சுடுதண்ணி இருக்குது."

நிவேதா அண்ணனைப் பார்த்தாள். அவன், இரும்மா, சாயங்காலம் வரைக்கும் இரு என்றான். அவள் குழந்தையைத் துணியில் சுற்றினாள். புடவை முந்தானையைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வாசலில் சகாயமேரி கையைப் பிடித்து, "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள். அது சகாயமேரிக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பிளாஸ்டிக் தொட்டி, கொசுவலை, துணிமூட்டை எல்லாம் டிக்கியில் ஏறின. கீழ்ப்புத்துப்பட்டு தாண்டுகிற வரைக்கும் பிள்ளை அழுதுகொண்டே வந்ததாக அப்புறம் போனில் பரத் சொன்னான்.

பகல் முழுவதும் சகாயமேரி தீப்பெட்டியை மேடையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். தேவா சாப்பிடவில்லை. சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் ஒருமுறை, அடுப்புக்கும் ஒரு தார்ப்பாய் போட்டிருக்கணும் என்றான். அவள் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.

பொழுது மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அவன் வெளியே போய் நின்று கடைசி வரைக்கும் பார்த்தான். உள்ளே வந்து, தீப்பெட்டிக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தான்.

"யாருக்குய்யா?" என்றாள்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அது காய்ந்து, கொதித்து, பாதியாக வற்றும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். சகாயமேரி தீயைக் குறைத்துவிட்டு ஜெயினம்பு வீட்டுக்குப் போனாள். அவர்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். ஃப்ரீசரிலிருந்து சுறாவை வாங்கிவந்து, அவன் கண் முன்னால், தன் வீட்டுச் சட்டியில், அவன் பற்றவைத்த அடுப்பில் வேகவைத்தாள். தோலை உரித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் வெங்காயமும் தாராளமாகப் போட்டு வதக்கினாள். வாசனை வீடு முழுக்க நின்றது. ஏதாவது சொல்லட்டும், இன்று பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். அவன் மூக்கைக்கூட மூடவில்லை. டிபன்பாக்ஸை மூடி அவன் முன்னால் வைத்தாள்.

"எடுத்துனு போய் உன் தங்கச்சிக்குக் குடு."

"இதத் தொட்டா நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தீட்டு" என்றான். அப்புறம், "பரவால்ல, துணிய அலசிக்கலாம்" என்று பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

பரவால்ல என்று அவன் சொன்ன பிறகு அவளால் உட்கார முடியவில்லை. இடையஞ்சாவடிக்குப் போகிற ரோட்டில் எத்தனை கடை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாசலிலேயே நின்றாள்.

பத்து மணிக்கு வந்தான். வண்டியை நேராகத்தான் நிறுத்தினான். அவள் கிட்டப் போய் நின்று மூச்சை மோந்தாள். அவன் மோந்துகொள்ளட்டும் என்று நின்றான்.

"துன்னாளா?"

"துன்னா. பூராவும். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே துன்னா."

"திரும்ப எப்ப வர்றாளாம்?"

"தங்கறதுக்கு வரலயாம். நாப்பது முடிஞ்சதும் ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறாளாம்." பையை நீட்டினான். "சனிக்கிழமை வேணாம்னு சொன்னா."

டிபன்பாக்ஸ் கனமாக இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்ப மாட்டாள் லட்சுமியம்மாள். திறந்தாள். சர்க்கரைப் பொங்கல், முந்திரி போட்டது. குழந்தைக்காக அன்றைக்குப் படைத்ததாம். தேவா எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கவலையில் விழுந்தான். விக்கிரகத்துக்குப் படைத்தது கூடாது என்று புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது, ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று சட்டைப் பையில் போனைத் தேடினான்.

"போன எடுத்தின்னா உடச்சிடுவன்" என்றாள் சகாயமேரி.

அவன் எடுக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தீட்டுத் துணியை அலச கிணற்றடிக்குப் போனான். அவள் வாசற்படியில் நின்றபடியே பொங்கலை விரலால் வழித்துத் தின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து உப்பு வாராமல் கிடக்கிறது.